உலகிற்குத் தொடக்கம் உண்டோ? பேராசிரியர் லட்சுமி நரசு வாழ்வும் பணியும்



தம்மம் தழுவிய குடும்பத்தாரை அயலாரும் உறவினரும் முதன்முதல் மடக்கும் வினா ஒன்றுண்டு. கடவுள் இல்லையெனில் இவ்வுலகை ஆக்கியவன் யாவன் என்பதே அது. மண வீட்டிலும் இழவு வீட்டிலும், இம் மைசூர் நகரில் ஆலை வாயிலிலும் அங்காடித் தெருவிலும் இவ்வினா நம்மவரை எதிர்கொள்கிறது. விடை அறியாதார் தலை கவிழ்கின்றனர். சிலரோ அஞ்சிப் பழைய சந்நிதியில் மீண்டும் தேங்காய் உடைக்கின்றனர். இவ்வினாவின் முன் ஒரு நூற்றாண்டிற்கு முன்னரே அஞ்சாது நின்று, நமக்கு வழி காட்டிச் சென்ற பேரறிஞர் ஒருவர் உளர். அவரே பேராசிரியர் பொ. லட்சுமி நரசு. நம் பிள்ளைகள் அவர் பெயரைக்கூட அறியாது வளர்கின்றனர். ஆதலின் அவர் வரலாற்றையும், உலகத் தொடக்கம் பற்றி அவர் காட்டிய நெறியையும் இங்கு எழுதத் துணிந்தோம்.

பௌதிக ஆசிரியர்

லட்சுமி நரசு 1861-ஆம் ஆண்டு பிறந்தவர். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் பௌதிகமும் இரசாயனமும் கற்பித்தார். இன்று தாம்பரத்தில் விளங்கும் அக்கல்லூரி, 1937-க்கு முன் ஜார்ஜ் டவுனில் எஸ்பிளனேடு பகுதியில் இருந்தது. ஸ்காத்லாந்து மிஷனரிமார் நிறுவிய அதனை வில்லியம் மில்லர் என்னும் தலைவர் பெருங்கல்லூரியாக வளர்த்தார். அங்கு ஒரு கூடத்தில் விவிலியம் கற்பிக்கப்பட்டது. வேறொரு கூடத்தில் வெப்பமும் ஒளியும் மின்சாரமும் கற்பிக்கப்பட்டன. காங்கிரஸ் வரலாற்றை எழுதிய பட்டாபி சீதாராமையா அங்கு நம் பேராசிரியரிடம் பாடம் கேட்டவர்.

அவர் தொழில் அவருக்கு ஒரு பழக்கத்தைத் தந்தது. இரும்பு ஏன் துருப்பிடிக்கிறது என்று வினவினால், காற்றும் நீரும் கூடி இரும்பை மாற்றுகின்றன என்று பௌதிக, இரசாயன நூல்கள் விடை கூறும். ஆண்டவன் அவ்வாறு நினைத்தான் என்று எழுதிய மாணாக்கனுக்கு எந்த ஆசிரியரும் மதிப்பெண் இடமாட்டார். காரணத்தைக் காரியத்தின் அருகிலே தேடுவது அறிவியலின் முதல் ஒழுக்கம். அவ்வொழுக்கத்தைக் கூடத்திற்குள்ளே விட்டுவிட்டு வீடு திரும்பிச் சாதியும் சடங்கும் போற்றிய கற்றோர் அந்நாளில் மிகப் பலர். லட்சுமி நரசுவோ அதனைத் தம்மோடு தெருவிற்கும் கொண்டுவந்தார். ஐரோப்பியரின் செருக்கையும், வைதிகத்தின் பிடியையும், பிற சமயப் பிரசாரத்தின் வேகத்தையும் ஒருங்கே எதிர்த்து நின்றவர் என்று டாக்டர் அம்பேத்கர் பிற்காலத்தில் அவரை நினைவுகூர்ந்தார்.

இராயப்பேட்டைச் சங்கம்

பண்டிதமணி அயோத்திதாசர் 1898-இல் கர்னல் ஆல்காட் துணையோடு கொழும்பு சென்று, சுமங்கல நாயக தேரரிடம் பஞ்சசீலம் ஏற்றுத் திரும்பினார். அவர் சென்னை இராயப்பேட்டையில் நிறுவிய சாக்கிய பௌத்த சங்கம், தென்னாட்டில் தம்மம் மீண்டும் முளைத்த வயலாயிற்று. தீண்டத்தகாதார் என்று தள்ளப்பட்ட மக்கள் அமைத்த அச்சங்கத்திற்குக் கல்லூரிப் பேராசிரியராகிய லட்சுமி நரசு துணை நின்றார். பின்னாளில், 1923-இல், இந்நாட்டில் முதன்முதல் மே தினம் கொண்டாடிய சிங்காரவேலரும் அந்நாளில் இப்பணியில் உடனிருந்தார்.

பண்டிதரும் பேராசிரியரும் ஒரே அச்சில் வார்த்த இருவர் அல்லர். பண்டிதர் தமிழ் நூற்கடலுள் மூழ்கி, நம் முன்னோரே பூர்வ பௌத்தர் என்று எடுத்துக்காட்டினார். பேராசிரியர் பாலி நூற்பொருளை அறிவியலின் உரைகல்லில் உரைத்துக் காட்டினார். எல்லாவற்றினும் இருவரும் ஒத்துப் போனார் என்று யாம் கூறமாட்டோம். ஆயினும் ஒருவர் நமக்கு வரலாறு தந்தார். மற்றவர் நமக்கு வாதம் தந்தார். இரண்டும் நமக்கு வேண்டியனவே. பண்டிதர் 1914-இல் மறைந்த பின்னர், தென்னிந்திய பௌத்த இயக்கத்தின் தலைமைப் பொறுப்பு பேராசிரியர் தோளில் அமர்ந்தது.

நூல்கள்

அவர் 1907-இல் தி எசென்ஸ் ஆஃப் புத்திசம் என்னும் ஆங்கில நூலை வெளியிட்டார். பௌத்தத்தின் சாரம் என்பது அதன் பொருள். அநாகரிக தர்மபாலர் அதற்கு முன்னுரை வழங்கினார். பகவன் வரலாறு, பௌத்தத்தின் அறிவுடைமை, ஒழுக்கம், சாதி, மகளிர் நிலை, நான்கு வாய்மைகள், எண்வகை மார்க்கம் என்று அந்நூல் படிப்படியாகச் செல்கிறது. பௌத்தம் என்றால் என்ன என்று விளக்கும் சிறுநூல் 1916-இலும், சாதியை ஆராயும் நூல் 1922-இலும் வெளிவந்தன.

முதல் நூலில் உலகப் புதிர் என்னும் பொருள்படும் தலைப்பில் ஓர் இயல் உண்டு. உலகை ஆக்கியவன் உளனோ, முதற்காரணம் என ஒன்று உண்டோ என்று ஆராய்வது அவ்வியலே. நம் அன்பர்களை மடக்கும் வினாவிற்கு அங்கேதான் வழி பிறக்கிறது. அந்நெறியை எம் சொற்களால் எளிதாக விரிக்கின்றோம்.

முதற்காரணம்

எல்லாவற்றிற்கும் காரணம் வேண்டும். ஆதலின் உலகிற்கும் காரணம் வேண்டும். அக்காரணமே கடவுள் என்று வாதிப்பர். நன்று. எல்லாவற்றிற்கும் காரணம் வேண்டுமெனில் கடவுளுக்கும் காரணம் வேண்டுமன்றோ? கடவுளுக்குக் காரணம் வேண்டா, அவர் அநாதி என்பர். அங்ஙனமாயின் காரணமின்றியும் ஒன்று இருக்கலாம் என்று அவர்களே ஒப்புக்கொண்டனர். தாம் இட்ட விதியைத் தாமே முறித்துவிட்டனர். விதி முறியுமாயின் அது உலகின் வாயிலிலேயே முறியட்டுமே. அதனைக் கடவுள் வரை இழுத்துச் சென்று முறிப்பானேன்?

நூல் ஆலையில் உழைத்தோர்க்கு இது எளிதில் விளங்கும். கதிரில் சுற்றிய நூலின் தொடக்கம் எங்கே? ரோவிங்கில். ரோவிங்கின் தொடக்கம் ஸ்லைவரில். ஸ்லைவரின் தொடக்கம் கார்டிங் பொறியில் சீவிய பஞ்சில். பஞ்சு பேலில் வந்தது. பேல் வயலிலிருந்து வந்தது. செடி விதையிலிருந்து வந்தது. விதை முன்னைச் செடியிலிருந்து வந்தது. நூலுக்கு ஒரு நுனி உண்டு. பருத்திக்கு நுனி எங்கே? இன்னது இருப்பதனால் இன்னது தோன்றும், அது மாய்ந்தால் இது மாயும் என்று தொடர் காட்டலாமேயன்றி, தொடருக்கு வெளியே நின்று முதல் முடிச்சு இட்ட ஒருவனைக் காட்ட இயலாது. பகவன் அருளிய சார்பின் தோற்றம் இதுவே. மணிமேகலைக்கு அறவண அடிகள் உணர்த்தியதும் இதுவே. பேதைமை முதலாகப் பன்னிரு சார்புகளைத் தமிழில் வகுத்த அக்காப்பியத்தில், அச்சங்கிலியை ஆக்கியோன் என எவனும் குறிக்கப்படவில்லை.

அனாதபிண்டிகருக்குப் பகவன் உரைத்ததாகப் பழைய காவிய மரபில் வழங்கும் வாதமும் சிந்திக்கத்தக்கது. உலகு ஓர் ஈசுவரனின் படைப்பாயின், இன்பமும் துன்பமும், அன்பும் பகையும் அவன் செயலேயாகும். அப்போது குற்றம் எவருடையது, நற்செயல் எவருடையது? ஏதோ ஒன்றை வேண்டி அவன் படைத்தான் எனில் அவன் நிறைவற்றவன். ஒன்றும் வேண்டாது படைத்தான் எனில் அது குழந்தையின் விளையாட்டை ஒக்கும். இவ்விரண்டில் எதைக் கொள்வது?

எது நமக்கு முக்கியம்?

கேளுங்கள், அன்பர்களே! இது வெறும் பண்டித வாதம் அன்று. அங்குத்தர நிகாயத்தில் பகவன் மூன்று கொள்கைகளை எடுத்துக் கண்டிக்கிறார். மாந்தர் அனுபவிப்பதெல்லாம் முற்பிறப்பு வினையால் என்பது ஒன்று. எல்லாம் ஈசுவரன் ஆக்கியதால் என்பது மற்றொன்று. எல்லாம் காரணமின்றி நேர்வன என்பது மூன்றாவது. இம்மூன்றும் ஒரே குழியில் கொண்டுபோய் வீழ்த்தும். அக்குழி செயலின்மை. நாம் செய்யத்தக்கது இது, தவிரத்தக்கது இது என்னும் உணர்வை இவை மூன்றும் அழிக்கும்.

நம் முன்னோரை ஊருக்கு வெளியே நிறுத்தியவர்கள் இவற்றுள் முதல் இரண்டையும் ஒருசேரக் கையாண்டனர். பிரமன் இவ்வாறு படைத்தான் என்றனர்; நீ முற்பிறப்பில் பாவம் செய்தாய் என்றனர். உலகத் தொடக்கத்தைத் தம் கைக்குள் வைத்திருப்பவன் ஊர்க் கிணற்றையும் தன் கைக்குள் வைத்துக்கொள்கிறான். ஆதலினாலேயே உலகப் புதிரை ஆராய்ந்த அதே பேராசிரியர் சாதியையும் ஆராய்ந்தார். அவை இரண்டு வேலைகள் அல்ல. ஒரே வேலையின் இரு முனைகள்.

யாம் உழைத்த ஆலை ஒன்றில், கார்டிங் பொறியில் அகப்பட்டுத் தோழர் ஒருவரின் மூன்று விரல்கள் சிதைந்தன. ஆண்டவன் போட்ட கணக்கு என்றார் மேஸ்திரி. அத்தோழரின் தாயாரும் அதனையே சொல்லி அழுதார். தொழிற்சங்கத்தார் சென்று பார்த்தபோது, பொறியின் காப்பு மூடி கழற்றப்பட்டுப் பல நாள் ஆகியிருந்தது. உற்பத்தி குறையுமென்று பொறியை நிறுத்தாமலே சிக்கிய பஞ்சை அகற்றும் வழக்கமும் இருந்தது. போராடி மூடியைப் பொருத்தச் செய்தனர். அதன்பின் யாம் அங்கிருந்த நாள் வரை அவ்விடத்தில் ஒரு விரலும் போகவில்லை. ஆண்டவன் கணக்கை ஒரு தகட்டு மூடி மாற்றிவிட்டது! காரணத்தை வானத்தில் வைத்தால் கை கூப்பலாம். அருகில் வைத்தால் கை நீட்டித் திருத்தலாம். முதற்காரண வாதத்தில் நமக்குள்ள இலாப நட்டம் இதுவே.

கடவுளுக்குத் தொடக்கம்

கடவுளுக்குத் தொடக்கம் உண்டோ என்பார்க்குத் தீக நிகாயத்தின் பிரமஜால சூத்திரத்தில் ஓர் அழகிய கதை உண்டு. உலகம் சுருங்கி மீண்டும் விரியும் காலத்தில் வெறுமையான பிரம விமானம் ஒன்று தோன்றுகிறது. மேலுலகில் ஆயுள் முடிந்த ஓர் உயிர் அங்கு வந்து பிறக்கிறது. நெடுங்காலம் தனித்திருந்து சலிப்புற்று, வேறு எவரேனும் வாராரோ என ஏங்குகிறது. அப்பொழுது தத்தம் ஆயுள் முடிந்த வேறு உயிர்களும் அங்கு வந்து பிறக்கின்றன. முதலில் வந்தவன், யாம் விரும்பினோம், இவர்கள் தோன்றினர், ஆதலின் இவர்களை ஆக்கியோன் யாமே என்று எண்ணுகிறான். பின் வந்தோரும், நாம் வரும்போதே இவர் இங்கிருந்தார், ஆதலின் இவரே நம்மை ஆக்கியவர் என்று நம்புகின்றனர்.

முதல் ஷிப்டிற்கு இருளிலே வந்து கதவருகில் நிற்பவன், பின்னர் வரும் நானூறு பேரையும் தன் விருப்பமே வரவழைத்தது என்று எண்ணினால் நகைப்போமன்றோ? முன் வந்தவன் ஆக்கியவன் ஆகான். கடவுள் நம்பிக்கையைப் பழித்துரையாமல், அது எங்ஙனம் பிறந்திருக்கக் கூடும் என்று இக்கதை காட்டுகிறது. தனிமையும் ஏக்கமும் நன்றியும் கூடிப் பிறந்த பிழை அது.

மௌனமும் ஒரு விடை

அங்ஙனமாயின் உலகம் அநாதி என்று பௌத்தர் அடித்துக் கூறலாமோ? கூடாது. இங்கேதான் நம்மவருள் ஆர்வம் மிக்கோர் சறுக்குகின்றனர். உலகம் நித்தியமோ அநித்தியமோ, எல்லையுடையதோ எல்லையற்றதோ என்று மாலுங்கியபுத்தர் வினவியபோது பகவன் விடை பகரவில்லை. நஞ்சு தோய்ந்த அம்பு தைத்த ஒருவன், எய்தவன் எக்குலத்தான், வில் எம்மரத்தால் ஆயது என்று அறிந்த பின்னரே அம்பைப் பிடுங்க விடுவேன் என்றால், அறியுமுன் மாள்வான் என்று உவமை காட்டினார். பிறவித் தொடரின் முன்னெல்லை புலப்படுவதில்லை என்று மட்டும் வேறிடத்தில் அருளினார். புலப்படாததைப் புலப்படவில்லை என்பது நேர்மை. அறியாத இடத்தில் ஒரு பெயரை நட்டு அதனை வணங்குவது நேர்மை ஆகாது.

மைசூர் நாடும் தங்கவயலும்

பேராசிரியர் சென்னையில் எழுதினார். அவர் போற்றிய நெறி வேர் கொண்ட இடங்களுள் ஒன்று அந்நாள் மைசூர் சமஸ்தானத்துக் கோலார் தங்கவயல். மைசூர் நாட்டிற்குத் தம்மம் புதிதன்று. அசோகர் காலத்தில் மகாதேவ தேரர் மகிஷ மண்டலத்திற்கு அனுப்பப்பட்டார் என மகாவம்சம் கூறும். அது மைசூர் நாடே என்பார் பலர். சித்திரதுர்க்கத்தைச் சார்ந்த பிரமகிரி, சித்தாபுரம் முதலிய இடங்களில் அசோகர் கல்வெட்டுகளை லூயி ரைஸ் என்பார் 1892-இல் கண்டறிந்தார். மறைந்த அந்நெறியை மீண்டும் இந்நாட்டில் ஊன்றியவர்கள் வட ஆர்க்காடு முதலிய இடங்களிலிருந்து சுரங்க வேலைக்கு வந்த தமிழ்த் தொழிலாளரே.

மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீப்பிலும் அவர்கள் பௌத்த சங்கம் கண்டனர். பண்டிதர் சென்னையில் 1907-இல் தொடங்கிய தமிழன் இதழை, 1926 முதல் தங்கவயலிலிருந்து நடத்தினார் அறிஞர் ஜி. அப்பாதுரையார். பகலெல்லாம் பாறைக்குள் இறங்கி, மாலையில் மேலேறி வந்து, உலகிற்கு முதற்காரணம் உண்டோ என்று வாதித்தனர் அப்பெருமக்கள். பாறை வெடித்துச் சரிவது விதியாலன்று, அழுத்தத்தால் என்பதை அவர்கள் உடம்பாலே அறிந்திருந்தனர்.

அச்சுரங்கங்கள் 2001-இல் மூடப்பட்டன. ஆயினும் உலகத் தொடக்கம் பற்றிய ஆராய்ச்சியில் அவற்றிற்கு ஓர் இடம் உண்டு. 1965-இல் சாம்பியன் ரீப் சுரங்கத்தில், ஏறத்தாழ 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், டாட்டா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தாரும் ஜப்பானிய, பிரித்தானிய அறிஞரும் கருவிகளை வைத்து, வான்வெளிக் கதிர்களால் காற்று மண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோ என்னும் நுண்துகளின் தடத்தைக் கண்டனர். அதனை உலகில் முதன்முதல் கண்டோருள் அவரும் ஒருவர். 1980-களில் அதே வயலில், புரோட்டான் என்னும் அணுத்துகளும் ஒருநாள் சிதையுமோ என்று தேடினர். சிதைவு இன்றுவரை எங்கும் உறுதிப்படவில்லை. நம் தாத்தாமார் வெட்டிய அப்பாறை வரிசை ஏறத்தாழ 270 கோடி ஆண்டு முதுமை உடையது.

நாம் காணும் பேரண்டம் ஏறத்தாழ 1,380 கோடி ஆண்டுகளுக்கு முன் மிகு வெப்பமும் செறிவும் கொண்ட நிலையிலிருந்து விரியத் தொடங்கியது என்று இன்றைய அறிவியல் கூறுகிறது. அது கேட்டுச் சிலர், பார்த்தீரா, தொடக்கம் உண்டு, ஆகவே படைத்தவன் உண்டு என்று மகிழ்வர். இக்கொள்கைக்கு வித்திட்டோருள் ஒருவரான லெமேத்ர் என்பார் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார். அவரே தம் ஆராய்ச்சியைச் சமயத்திற்குச் சான்றாக இழுப்பதை விரும்பவில்லை. விரிவின் தொடக்கம் வேறு. ஒன்றுமின்மையிலிருந்து ஒருவன் ஆக்கினான் என்பது வேறு. அதற்கு முன் யாது என்பதில் அறிஞர் இன்னும் ஒரு முடிவிற்கு வரவில்லை. லட்சுமி நரசு காட்டிய நெறி இங்கும் பொருந்தும். புதிய சான்று வந்தால் ஏற்போம். சான்று நில்லாத இடத்தில் நாமும் நிற்போம்.

மறைவும் தொடர்ச்சியும்

பேராசிரியர் 1934-இல் மறைந்தார். அவர் கையால் விதைத்தது உடனே பெருங்காடாகவில்லை. ஆயினும் 1948-இல் டாக்டர் அம்பேத்கர் தாமே முன்னுரை எழுதி அவருடைய முதல் நூலை மீண்டும் வெளிக்கொணர்ந்தார். பௌத்தம் பற்றி அதுகாறும் வந்த நூல்களுள் அதுவே சிறந்தது என்று பரிந்துரைத்தார். எட்டு ஆண்டுகள் கழித்து, 1956 அக்டோபர் 14-இல் நாகபுரியில் இலட்சக்கணக்கானோர் தம்மம் தழுவினர். 1957-இல் வெளிவந்த அம்பேத்கரின் புத்தரும் அவர் தம்மமும் என்னும் நூலிலும், ஈசுவர நம்பிக்கை தம்மத்தின் பகுதி அன்று என்பது தெளிவுற நிறுவப்பட்டது. சென்னையில் ஒரு பௌதிக ஆசிரியர் ஏற்றிய விளக்கின் ஒளி அவ்வளவு தொலைவு சென்றது.

அன்பர்களே! நும்மை எவரேனும் உலகை ஆக்கியவன் யாவன் என்று வினவினால் தலை கவிழ வேண்டா, சினமும் வேண்டா. உலகம் தொடங்கிய வகையை அறிஞர் ஆராய்கின்றனர், யாமும் கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்று அமைதியாய்க் கூறுங்கள். துன்பம் தொடங்கும் வகையை எம் பகவன் காட்டியிருக்கிறார், அதனை நிறுத்தும் வழியும் உண்டு என்று சேர்த்துக் கூறுங்கள். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். இழவு வீட்டில் இவ்வாதம் வேண்டா. பிள்ளையை இழந்த தாய், ஆண்டவன் எடுத்துக்கொண்டான் என்று அழுதால், அங்கே முதற்காரணத்தை மறுப்பது பிரசாரகன் கடமையன்று. கிசா கோதமியிடம் பகவன் வாதிடவில்லை; இறப்பு நேராத வீட்டிலிருந்து கடுகு கொண்டுவரச் சொல்லி, துயரம் ஆறும் வரை வழிவிட்டார். அருகில் அமர்ந்து கை பற்றுங்கள். வாதிக்க வேறொரு நாள் வரும்.

பிள்ளைகளுக்கு விசாகத் திருநாளில் புத்தாடை எடுத்துக் கொடுக்கும்போது, லட்சுமி நரசு என்னும் பெயரையும் சொல்லிக் கொடுங்கள். ஏன் என்று கேட்கும் பிள்ளையை அதட்டாதீர்கள். அக்கேள்வியில்தான் தம்மம் தழைக்கிறது.

எல்லா உயிரும் நலமுறுக!